பிரித்த சிமெண்ட் மூட்டை: பத்திரப்படுத்துவதும் கெட்டதைக் கண்டுபிடிப்பதும்

பிரித்த சிமெண்டைக் கெடுப்பது மழைத்தண்ணீர் என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். ஒழுகாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டால் போதும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். தண்ணீர் பட்ட சிமெண்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அது கல்லாகிவிடும், கெட்டது கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடுவோம். ஒரு சொட்டும் படாமல், காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் இழுத்து மெல்ல மெல்லக் கெடும் சிமெண்டுதான் ஆபத்து. பார்க்க நல்ல பொடியாகவே இருக்கும். குழைத்தால் குழையும், பூசினால் ஒட்டும். பிடிமானம் மட்டும் குறைந்திருக்கும்.

நான் பர்மாவில் மோல்மேன் ஊரில் இரும்புக்கடை நடத்துகிறேன். அப்பா காலத்துக் கடை. ஆணி, கம்பி, தகரம், பெயிண்ட், சிமெண்ட் எல்லாம் உண்டு. 50 கிலோ மூட்டை முழுதாக வேண்டாம் என்பவர்களுக்கு வீசைக் கணக்கில் சில்லறையாகவும் நிறுத்துக் கொடுக்கிறோம். அதனால் கடையில் எந்த நாளும் ஒன்றிரண்டு மூட்டை பிரித்தே இருக்கும். எங்கள் ஊரின் மழையோ ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல். மே மாத நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. ஏப்ரலில் திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த கையோடு எல்லாரும் வீட்டு வேலையை அவசர அவசரமாக முடிக்கப் பார்ப்பார்கள். மழை பிடித்ததும் பாதியில் நிறுத்துவார்கள். வீட்டுக்கு வீடு அரை மூட்டை, கால் மூட்டை மிச்சம் கிடக்கும். தீபாவளி சமயத்தில் வானம் வெளுத்ததும், ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, “அக்கா, இது ஆகுமா?” என்று கடைக்கு வருவார்கள். பர்மாக்காரர்கள் “அமா” என்று கூப்பிட்டு இதையே கேட்பார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை எழுத்தில் வைக்கிறேன்.

முதலில் காரணம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. அந்தத் தண்ணீர் வாளியிலிருந்து வந்தாலும் காற்றிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். சிமெண்டை மிக மிக நைசாக அரைத்திருப்பார்கள். ஒரு கிலோ சிமெண்டில் உள்ள துகள்களின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் 300 சதுர மீட்டர் அளவுக்கு வரும். இவ்வளவு பரப்பும் ஈரக்காற்றுக்குத் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? ஈரத்தில் இறுகிய சிமெண்டே ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய தோல் போலப் படிந்துவிடும். பிறகு நாம் ஊற்றும் தண்ணீர் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போக முடியாது. இறுக நேரமாகும், இறுகினாலும் பலம் வராது. காற்றில் உள்ள கரியமில வாயுவும் தன் பங்குக்குக் கெடுக்கும். நைசாக அரைத்த ரகங்கள் இன்னும் வேகமாகக் கெடும்.

பிரிக்காமல் நல்ல கிடங்கில் வைத்த மூட்டைக்கே கட்டடக் கையேடுகள் ஒரு பொதுக் கணக்கு சொல்கின்றன: மூன்று மாதத்தில் பலம் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும், ஆறு மாதத்தில் 30, ஒரு வருடத்தில் 40. இடத்துக்கு இடம் இது மாறும். பிரித்த மூட்டைக்கு, அதுவும் மோல்மேன் ஜூலை மாதத்தில், இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

சரி, மிச்சத்தை எப்படி வைப்பது?

மூட்டையைப் பிரிக்கும்போதே பத்திரம் தொடங்குகிறது. வாயை அகலமாகக் கிழிக்காதீர்கள். ஒரு மூலையில் மட்டும் வெட்டி, காய்ந்த டப்பாவால் அள்ளுங்கள். கலவை பிடித்த கரண்டியை உள்ளே விட்டால் அந்த ஈரம் மூட்டைக்குள் போய்விடும். வேலை அன்றே முடியவில்லை என்றால், அன்று சாயங்காலமே மிச்சத்தைக் கட்டிவிட வேண்டும். “நாளைக்குக் காலையில்தானே” என்று வாயை மடித்துக் கல் வைத்துப் போகிறார்கள். மழைக்காலத்தில் அந்த ஒரு ராத்திரியே அதிகம்.

கட்டுவதற்குத் தடித்த பிளாஸ்டிக் பை வேண்டும். மார்க்கெட்டில் காய்கறி போட்டுத் தரும் மெல்லிய பை ஆகாது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். ஒரு பைக்கு ஐந்தாறு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். இது முக்கியம். எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் போட்டால், கொஞ்சம் எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மொத்தத்துக்கும் புதுக்காற்று கிடைக்கும். சிறு சிறு பையாக இருந்தால் ஒன்றைத் திறந்து ஒன்றை முடிக்கலாம். பையைத் தட்டித் தட்டிச் சிமெண்டை அமுக்கி, மேலே உள்ள காற்றைப் பிழிந்து வெளியேற்றி, கழுத்தை முறுக்கி, முறுக்கியதைக் கீழே மடக்கி, ரப்பரால் அல்லது சணலால் இறுக்கிக் கட்டுங்கள். அதை இன்னொரு பைக்குள் தலைகீழாகப் போட்டு மறுபடி அதேபோலக் கட்டுங்கள்.

இந்தப் பைகளை மூடியுள்ள பெயிண்ட் வாளிக்குள் வையுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றில் அரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். வாளியைக் கழுவியிருந்தால் நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே சிமெண்ட் போக வேண்டும். மூடிக்கும் வாளிக்கும் இடையே அகலமான டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். வாளி நிறைய இருப்பது நல்லது. பாதி வாளி என்றால் பாதி காற்று. மேலே பிரித்த தேதியைப் பெயிண்டால் எழுதுங்கள். மூட்டையில் ஆலைத் தேதி அச்சிட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். “போன மாசம்தான் வாங்கினேன்” என்று வருகிறவர்களிடம் பில்லைக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் அது போன மாசமாக இருப்பதில்லை.

சிலர் பைக்குள் கரித்துண்டோ அரிசியோ போட்டு வைக்கிறார்கள். அதை விடுங்கள். சிமெண்டே அவற்றைவிட ஆவலாக ஈரத்தை இழுக்கும்.

ஒன்றை மட்டும் எப்போதும் வைக்காதீர்கள்: மணலோடு கலந்த சிமெண்ட். தண்ணீர் சேர்க்கவில்லையே, உலர்கலவைதானே என்பார்கள். தான்ல்வின் ஆற்று மணல் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். கலந்த நிமிடமே சிமெண்ட் வேலையைத் தொடங்கிவிடும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், தீராவிட்டால் வாசலில் எங்காவது பள்ளத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. தரையில் வைக்கக்கூடாது. சிமெண்ட் தரை என்றாலும் கீழிருந்து ஈரம் ஏறும். செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே இருக்கட்டும். சோறு வேகும் அடுப்பங்கரை வேண்டாம், தண்ணீர்ப்பானைப் பக்கம் வேண்டாம். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம். பனிக்காலத்து விடியலில் தகரத்தின் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரம், தாழ்ந்த பகுதியில் வீடு என்றால் மழை பிடிக்கும் முன்பே மேல்தளத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஆகஸ்டில் வெள்ளம் வந்தால் சட்டி பானையைத் தூக்கவே நேரம் இருக்காது, வாளியை யார் தூக்குவது?

இனி, கெட்டதா இல்லையா என்று பார்ப்பது.

கட்டி இருந்தால் கெட்டது, இல்லையென்றால் நல்லது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இரண்டு வகைக் கட்டி உண்டு. பல மூட்டைகளுக்கு அடியில் கிடந்த மூட்டை பாரத்தால் இறுகிக் கட்டிதட்டிப் போகும். (பத்து மூட்டைக்கு மேல் அடுக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) அந்த மூட்டையைத் தரையில் இப்படியும் அப்படியும் புரட்டினால் உள்ளே உதிர்ந்துவிடும். கட்டியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் பொடியாகும். அது கெட்டதில்லை. ஈரத்தால் வந்த கட்டி விரலுக்கு உடையாது. உடைந்தாலும் குறுநொய் போலக் கரகரப்பாக நிற்கும். அதைச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கிக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், அது வேலை முடிந்துபோன சிமெண்ட். பொடியாக்கினாலும் மறுபடி பிடிக்காது, மணலுக்குச் சமானம்தான். அந்தக் கட்டிகளுக்கு நடுவில் கிடக்கும் நைசான பொடியும் அதே காற்றில்தான் இருந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பது நல்ல வழி. நல்ல சிமெண்ட் வழுவழுப்பாகப் போகும், கெட்டது நறநறக்கும். கையை மூட்டைக்குள் விட்டால் குளுமையாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய மூட்டைக்கு அது சரி, உள்ளே சூடு இருந்தால் ஈரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சாய்க்மரோவில் ஆலை இருக்கிறது. அரைத்த கொஞ்ச நாளிலேயே லாரியில் வந்து இறங்கும் மூட்டை வெதுவெதுப்பாக இருக்கலாம். அதைக் கெட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். தண்ணீரில் தூவி, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

நான் நம்புவது வில்லை தட்டிப் பார்ப்பதைத்தான். இரண்டு நாள் ஆகும், ஆனால் பொய் சொல்லாது. ஒரு கண்ணாடித் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிப்பால் டின்னில் அரை டின் சிமெண்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கெட்டியாகப் பிசையுங்கள். மணல் சேர்க்கக்கூடாது. தண்ணீர் கூடிவிட்டால் நல்ல சிமெண்டே கெட்டதுபோல நடிக்கும். கண்ணாடி மேல் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தட்டி, நடுவில் அரை அங்குலமும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும்படி செய்யுங்கள். பக்கத்திலேயே, அன்று பிரித்த புதுச் சிமெண்டில் இன்னொரு வில்லை அதே அளவில், அதே தண்ணீர்க் கணக்கில் தட்டுங்கள். கடையில் கேட்டால் ஒரு பிடி புதுச் சிமெண்ட் கொடுப்பார்கள், நான் கொடுக்கிறேன். இந்த இரண்டாவது வில்லை இல்லாமல் முதல் வில்லையைப் பார்த்து எதுவும் புரியாது. இரண்டையும் ஈரத்துணி தொங்கவிட்டு மூடுங்கள், துணி வில்லையில் படக்கூடாது.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக்கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வீட்டில் நகத்தால் பார்த்தால் போதும். காலையில் தட்டியது சாயங்காலம் நகம் பதியாமல் இருக்க வேண்டும். புதுச் சிமெண்ட் வில்லை இறுகியும் உங்கள் வில்லையில் நகம் பதிகிறது என்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு நாள் கழிந்ததும் இரண்டையும் கண்ணாடியோடு தண்ணீரில் மூழ்க வையுங்கள். இன்னொரு நாள் கிடக்கட்டும். எடுத்துப் பார்த்தால், நல்லதின் ஓரம் கூர்மையாக அப்படியே இருக்கும், வெடிப்பு இருக்காது, உடைக்க இரண்டு கையும் வேண்டும், சட்டென்று உடையும். கெட்டதின் ஓரம் கரைந்திருக்கும், தேய்த்தால் மாவு உதிரும், விரலுக்கே விட்டுக்கொடுக்கும்.

வில்லை நன்றாக வந்தது, அப்படியானால் தூணுக்குப் போடலாமா? கூடாது. இந்தச் சோதனை சிமெண்டுக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பலம் என்பதை 28 நாள் ஊறவைத்த சிமெண்ட் கட்டையை மெஷினில் நசுக்கிப் பார்க்கும் சோதனைக்கூடத்தில்தான் சொல்ல முடியும். தூண், உத்தரம், லிண்டல், கூரைத் தளம், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் தொட்டியின் மேல்மூடி, இவற்றுக்கு அன்றே பிரித்த புது மூட்டை மட்டுமே. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தெரிந்தவர், உறவுக்காரர் என்றாலும் பிரித்த மூட்டையைத் தூண் வேலைக்கு விற்க மாட்டேன். 2025 மார்ச் 28 அன்று மண்டலேயும் சகாயினும் குலுங்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். 7.7 அளவு. அப்படி ஒரு நாளில் தூணில் உள்ள ஒவ்வொரு பிடி சிமெண்டும் முழுசாக வேலை செய்ய வேண்டும்.

“கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் ஈடுகட்டிவிடலாமே” என்பது அடிக்கடி வரும் கேள்வி. எவ்வளவு பலம் போயிருக்கிறது என்றே தெரியாதபோது எவ்வளவு கூட்டுவது? அள்ளிப் போட்டால் கலவை சுருங்கி வெடிப்பு விடும், அவ்வளவுதான்.

வில்லை தேறிய பழைய சிமெண்டைக் கொசுவலைக் கம்பியில் சலித்து, கட்டியை ஒதுக்கிவிட்டு, பாரம் தாங்காத வேலைக்குத் தாராளமாகப் போடுங்கள். வேலிக்கால் நட்ட குழி, வாசல் நடைபாதை, தரைக்கு அடியில் போடும் மட்டக் கலவை, துளசி மாடத்தின் பீடம், பூந்தொட்டி. வெளிச்சுவர்ப் பூச்சுக்கு வேண்டாம், எங்கள் சாரல் மழை அதை இரண்டு வருடத்தில் உரித்துவிடும்.

வில்லை தேறாததை இன்னும் வாளியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. சாக்கடையில் மட்டும் கொட்டாதீர்கள். மேலே பொடியாகத் தெரிந்தாலும் அடியில் படிந்து இறுகி, அடுத்த மழையில் தெருவே தண்ணீரில் நிற்கும். பலகை மேல் பரப்பித் தண்ணீர் தெளித்துக் கட்டியாக விட்டு, உடைத்து, பள்ளம் நிரப்பப் போடுங்கள். முழு மூட்டையும் கல்லாகியிருந்தால் காகிதத்தைக் கிழித்துவிட்டு அப்படியே கிணற்றடியில் கால் வைக்கும் கல்லாகப் போடலாம், சேற்றில் நல்ல உதவி. சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். ஈரக்கையில் ஒட்டிய சிமெண்ட் தோலை வேகவைத்துவிடும், கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் நேராக டாக்டரிடம் போங்கள்.