போட்டி கார்டு வரும்வரை காத்திருந்து கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது எப்படி?

2019 ஜூன் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்து, அன்றிரவே பொருத்தி விளையாடத் தொடங்கினேன். ஜூலை 2 அன்று என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரை அறிவித்தது. என் கார்டில் 6 ஜிபி நினைவகம், புதியதில் 8 ஜிபி; அமெரிக்க விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 50 டாலர்தான். யாரும் எதிர்பாராத அறிவிப்பு அல்ல அது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 கார்டு வரிசையை ஜூன் மாதமே அறிவித்து, ஜூலை 7 என்று விற்பனைக்கு நாளும் குறித்திருந்தது. என்விடியா அதற்குப் போட்டியாகச் சூப்பர் கார்டுகளை இறக்கியதும், ஏஎம்டி விற்பனைக்கு இரண்டு நாள் முன்பாக 5700 எக்ஸ்டியின் விலையை 449 டாலரிலிருந்து 399-ஆகவும், 5700-இன் விலையை 379-லிருந்து 349-ஆகவும் குறைத்தது. இரண்டே வாரம் பொறுத்திருந்தால் அதே பணத்துக்கு இன்னும் நல்ல கார்டு கிடைத்திருக்கும். அதன்பின் வீட்டில் யார் கார்டு மாற்றக் கேட்டாலும் நான் சொல்லும் வழிமுறையைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: மாற்ற வேண்டியது கார்டுதானா என்று பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, விளையாடும்போது கார்டின் பயன்பாட்டு விகிதம் திரையின் மூலையில் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பிரேம் எண்ணிக்கைக்கு (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதற்கு) வரம்பு எதுவும் வைக்காத நிலையில், அந்த விகிதம் 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் உங்கள் வேகத்தைக் கட்டிப்போடுவது கார்டுதான். 60, 70 என்று தள்ளாடினால் பெரும்பாலும் பிராசஸர்தான் பின்தங்குகிறது. அந்த நிலையில் எந்தப் புதிய கார்டுக்காகக் காத்திருந்தாலும் பயன் குறைவே.

படி 2: கேபினட்டைத் திறந்து அளந்துவிடுங்கள்

இதைக் கார்டு வாங்கிய பிறகு செய்பவர்களே அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மின் இணைப்பைத் துண்டித்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கார்டு பொருந்தும் பின்புறத் தகட்டிலிருந்து முன்புற விசிறி வரை அளவு நாடாவைப் பிடித்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று விசிறி கொண்ட கார்டுகள் பல 30 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால், 29 சென்டிமீட்டர் இடம் உள்ள கேபினட்டில் அவற்றை நுழைக்க முடியாது. அடுத்து எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீது ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 650 வாட், ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 750 வாட் என்பது அந்தந்த நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவருக்கு இரண்டாவது கார்டின் உண்மை விலை, புதிய எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துத்தான்.

மதர்போர்டு பழையதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பி450 போன்ற போர்டுகளில் இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதை). ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எட்டுத் தடங்களை மட்டும் பயன்படுத்துகிறது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்துகிறது. பழைய போர்டில் எட்டுத் தடம் என்பது குறுகலான பாதை. நினைவகம் நிரம்பி, தரவு ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும்போது அந்தக் குறுகலால் ஆட்டம் திக்கும். 5060 டிஐயின் 8 ஜிபி நினைவக வகையில் இது விரைவிலேயே தெரிந்துவிடும். இன்டெல் ஆர்க் பி580 வாங்க நினைப்பவர்கள், தங்கள் போர்டின் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரீசைசபிள் பார் என்ற, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் வசதி உள்ளதா என்று உறுதிசெய்யாமல் பணம் கட்ட வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்தக் கார்டின் வேகம் பெரிதும் குறையும்.

படி 3: நாள் குறித்த கார்டுக்கு மட்டும் காத்திருங்கள்

வதந்திக்குக் காத்திருப்பதற்கும் அறிவிப்புக்குக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிறுவனமே பெயரையும் விற்பனை நாளையும் வெளியிட்டிருந்தால் காத்திருங்கள். கசிந்த செய்தி என்ற அளவில் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5070 மார்ச் 5 அன்றும், ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி இரண்டும் மார்ச் 6 அன்றும் வந்தன. அங்கே ஒரே நாள் பொறுமை போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயின் 16 ஜிபி வகைக்கு 429 டாலர் விலை. போட்டியான ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 50 நாள் கழித்து ஜூன் 5 அன்று 349 டாலர் அறிவிப்பு விலையில் வந்தது. 80 டாலர் வித்தியாசம் என்பது 50 நாளுக்கு நல்ல கூலி.

காத்திருப்பு எப்போதும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 செப்டம்பர் 17 அன்று ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது, ஏஎம்டியின் பதிலுக்காகப் பொறுத்தவர்கள் பலர். நவம்பர் 18 அன்று ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி 649 டாலர் அறிவிப்பு விலையில் வந்தது. ஆனால் சிப் தட்டுப்பாடும் கார்டுகளைக் கொண்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங்கும் சேர்ந்துகொண்டதால் இரண்டு கார்டுகளுமே அறிவித்த விலைக்குக் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே காலண்டரில் ஒரு கடைசி நாளை வட்டமிடுங்கள். போட்டி கார்டு விற்பனைக்கு வந்து மூன்று வாரம் என்பது என் கணக்கு. அதற்குள் சென்னைக் கடைகளில் ஸ்டாக் வராவிட்டால், கைக்குக் கிடைப்பதில் சிறந்ததை வாங்கிவிடுங்கள்.

படி 4: டாலர் விலையை ரூபாயாக்குங்கள்

அறிவிப்பில் வரும் அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 549 டாலர் என்பது 48,312 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 57,000. நம் கடைகளின் விலையை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அதைவிட மூவாயிரம், நாலாயிரம் கூடுதலாக இருப்பது இயல்பு. பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அது வரவு குறைவாக உள்ள முதல் வாரங்களின் விலை என்று கொண்டு, உங்கள் கடைசி நாள் வரை பொறுக்கலாம்.

படி 5: காத்திருக்கும் நாட்களில்

பழைய கார்டின் தூசியைத் தட்டுங்கள். ஆட்டத்தின் அமைப்புகளில் நிழலின் தரத்தை ஒரு படி குறைத்து, எஃப்எஸ்ஆர் (படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் ஏஎம்டியின் வசதி) இருந்தால் இயக்கிப் பாருங்கள். அதன் முந்தைய பதிப்புகள் பழைய என்விடியா கார்டுகளிலும் இயங்கும். பழைய கார்டை விற்க எண்ணினால், போட்டி கார்டுகள் கடைக்கு வருவதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது, ஏனெனில் அவை வந்ததும் பழையவற்றின் விலை இறங்கும். உங்கள் பிராசஸரிலேயே கிராபிக்ஸ் உள்ளதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரின் இறுதியில் எஃப் உள்ள இன்டெல் பிராசஸர்களில் அது இல்லை. கார்டை விற்றால் திரையே வராது.

படி 6: வாங்கும் நாள்

இரண்டு கார்டுகளையும் நீங்கள் விளையாடும் ஆட்டத்தில், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனில் சோதித்த விமர்சனங்களை முதல் நாளே பார்த்து முடிவெடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததும் முதல் கடையிலேயே நின்றுவிடாமல், நாலைந்து கடைகளில் ஜிஎஸ்டி பில்லோடு என்ன விலை என்று கேளுங்கள். “பில் வேணாம்னா குறைச்சுத் தரேன் தம்பி” என்று யாராவது சொன்னால், “இல்லண்ணா, பில்லோடவே குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். பெட்டியில் ஒட்டிய சீரியல் எண், கார்டின் பின்புறத்தில் உள்ள எண், பில்லில் எழுதிய எண் மூன்றையும் கவுன்டரிலேயே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். என் தம்பிக்கு ஒரு கடையில் கொடுத்த பில்லில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன; ஓராண்டு கழித்து விசிறி நின்று வாரண்டி கேட்டபோது, பில்லைத் திருத்தி வாங்குவதற்கே இரண்டு வாரம் அலைந்தோம்.

படி 7: பொருத்திச் சோதியுங்கள்

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுபவர்கள், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளைக் கொண்டு, விண்டோஸின் சேஃப் மோடில் பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். மின் கேபிளின் முனை இடைவெளி தெரியாதபடி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பிறகு, கடையில் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், பிற்பகல் இரண்டு மணி வெயிலில், ஏசி போடாத அறையில், கேபினட் தகட்டை மூடிய நிலையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து விளையாடி, வெப்ப அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.