‘கெடிலம்’ கடலில் மிதக்காமல் மணலில் நிற்க: டைட்டில் விஎஃப்எக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ விடியற்காலை ஒரு ஷாட் எடுத்து, படத்தின் பெயரை விஎஃப்எக்ஸில் (கணினியில் சேர்க்கும் காட்சி வித்தையில்) மணலில் முப்பரிமாணத்தில் நிற்க வைக்க ஆசைப்படாத குறும்படக் குழு இங்கே குறைவு. நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலும் எழுத்து உடைந்து படிக்க முடியாமல் போகிறது, அல்லது மணலில் ஊன்றாமல் வழுக்குகிறது. விலை அதிகமான பிளக்-இன் வாங்கினாலும் இவை சரியாகாது. தமிழ் எழுத்தை மென்பொருளுக்குள் எப்படிக் கொண்டுபோனீர்கள், ஷாட்டை எப்படி எடுத்தீர்கள் என்ற இரண்டு இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது.

நான்கு எழுத்து, ஏழு குறி

படத்தின் பெயர் ‘கெடிலம்’ என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு நான்கு எழுத்து: கெ, டி, ல, ம். கணினிகள் எழுத்தைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் இது ஏழு குறிகள்: க, கொம்பு, ட, மேல்விலங்கு, ல, ம, புள்ளி. கொம்பு க-வுக்குப் பின்னால் பதிவாகிறது, ஆனால் முன்னால் தெரிய வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத மென்பொருளில் பெயரை ஒட்டினால் க தனியாக நிற்கும்; கொம்பு ‘டி’க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்டில் இதுதான் நடக்கும். பெயரை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்கி), எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டருக்குள் கொண்டுவந்து தடிமன் கொடுங்கள். அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் ப்ரிஃபரன்ஸில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜின் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எழுத்து சரியாகத் தெரிந்துவிட்டால் அடுத்த கண்ணி அனிமேஷன். ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வரும் ரெடிமேட் ப்ரீசெட்கள் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. தமிழில் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் க இன்னொரு பக்கமும் பறந்துவர வாய்ப்பு உண்டு. டெக்ஸ்டை ஷேப்பாக மாற்றி, கெ ஒரு லேயர், டி ஒரு லேயர் என்று நான்கு லேயராக நீங்களே பிரியுங்கள். ப்ரீசெட்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில் இதை முடித்துவிடலாம்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் கம்பீரமாக இருக்கும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு நகர்ந்துவிடும். விலகி நிற்கும் காலைக் கண் ‘ர’ என்றே படிக்கும். இடைவெளி வேண்டுமானால் மேலே சொன்னபடி பிரித்த லேயர்களை நகர்த்துங்கள்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 120 பிக்சல் உயர எழுத்தில் புள்ளி சுமார் 15 பிக்சல்தான் இருக்கும். அதன் மேல் 20 பிக்சல் ஆரத்துக்கு க்ளோ (ஒளிவட்டம்) கொடுத்தால் புள்ளியும் ம-வின் தலையும் ஒரே ஒளித்திட்டாகக் கலந்துவிடும். திரையில் ‘கெடிலம’ என்றுதான் தெரியும். புள்ளியைத் தனி லேயராக்கி 15 முதல் 20 சதவீதம் பெரிதாக்குங்கள், கொஞ்சம் மேலே தூக்குங்கள், க்ளோவிலிருந்து விலக்கி வையுங்கள். ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. முப்பரிமாணத்தில் பெவல் (விளிம்பின் சரிவு) கூடினால் சுழி அடைபட்டு ண-வும் ன-வும் ஒன்றுபோல் ஆகிவிடும். எழுத்தில் மிகக் குறுகிய உள்வெளி எவ்வளவோ, அதில் பாதிக்கும் குறைவாக பெவல் இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியலை டிடிபி கடையில் அடித்து வாங்கினால் அது பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் இருக்கக்கூடும். யூனிகோட் ஃபான்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றிவிட்டு, ஒவ்வொரு பெயரையும் முன்னெழுத்தோடு சரிபாருங்கள்.

அலையை நம்பாதீர்கள்

கேமரா ட்ராக்கிங் மென்பொருள் அசையாத பொருளை வைத்துத்தான் கேமராவின் நகர்வைக் கணக்கிடும். கடற்கரை ஷாட்டில் அதன் கண்ணை முதலில் இழுப்பவை நுரையும் அலையின் பளபளப்பும்தான். அவற்றின் மேல் விழுந்த ட்ராக்கிங் புள்ளிகளை விட்டுவைத்தால் எழுத்து அலையோடு சேர்ந்து ஆடும். கடல், வானம், நடைபயிற்சி செய்பவர்கள், காக்கை என அசையும் அத்தனையையும் மாஸ்க் போட்டு (மறைத்து) ஒதுக்கிய பிறகே ட்ராக் செய்யுங்கள். பிளெண்டரில் கணக்குத் தீர்க்கக் குறைந்தது எட்டுப் புள்ளிகள் வேண்டும். மென்பொருள் காட்டும் கணக்குப் பிழை 1 பிக்சலுக்கு மேல் போனால் எழுத்து வழுக்குவது கண்ணுக்குத் தெரியும், 0.5-க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள்.

புதுச்சேரியில் கரையோரக் கருங்கற்பாறைகள் இருப்பதால் ட்ராக்கருக்குப் பிடிமானம் உண்டு. தேவனாம்பட்டினம் அப்படி இல்லை. வெறும் மணல், அதற்கு அப்பால் தண்ணீர். அங்கே காய்ந்த தென்னை மட்டை, சிப்பி, கயிற்றுத் துண்டு என்று கடற்கரைக்கே உரிய பொருள்கள் பத்துப் பன்னிரண்டை 2 மீட்டர், 5 மீட்டர், 12 மீட்டர் தூரங்களில் சிதறிப் போடுங்கள். ஃப்ரேமில் உறுத்தாது என்பதால் பின்னால் அழிக்கும் வேலையும் இல்லை. தூரம் வெவ்வேறாக இருப்பது முக்கியம். கேமரா நகரும்போது அருகில் இருப்பது வேகமாகவும் தள்ளி இருப்பது மெதுவாகவும் விலகும் வித்தியாசத்திலிருந்துதான் ஆழம் கிடைக்கிறது. ட்ரைபாடில் வைத்துத் திருப்பிய ஷாட்டில் அந்த வித்தியாசமே இராது. அதற்கு ட்ரைபாட் சால்வ் என்ற தனித் தேர்வைப் பயன்படுத்துங்கள்.

மொபைலில் எடுப்பவர்கள் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை) நிறுத்திவிட வேண்டும். அது ஒவ்வொரு ஃப்ரேமையும் வேறுவேறாக வெட்டி நகர்த்துவதால் ட்ராக்கருக்கு லென்ஸ் கணக்கு பிடிபடாது. ஃப்ரேம் ரேட்டும் மொபைலில் ஏறி இறங்கும். நிலையாக விநாடிக்கு 24 ஃப்ரேமில் பூட்டும் ஆப் ஒன்றில் எடுங்கள். லென்ஸின் குவியத்தூரம், கேமரா உயரம், நேரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சூரியன் எந்தப் பக்கம்?

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலை 6 மணிக்குக் கடலைப் பார்த்து எடுத்த ஷாட்டில் எழுத்தின் பின்னால்தான் வெளிச்சம். அதாவது நம்மைப் பார்க்கும் முகம் இருட்டாகவும், ஓரம் மட்டும் பளிச்சென்றும், நிழல் கேமராவை நோக்கியும் விழ வேண்டும். ஆனால் பெயர் நன்றாகத் தெரிய வேண்டுமே என்று முகத்தில் வெளிச்சத்தைக் கொட்டுகிறார்கள். அந்தக் கணமே எழுத்து ஒட்டுப்படமாகிவிடும். முகம் பிரகாசமாகத்தான் வேண்டும் என்றால் மாலையில் கடலை நோக்கி எடுங்கள். ஷாட் முடிந்ததும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் பந்தை வைத்து 5 விநாடி பதிவு செய்தால் வெளிச்சத்தின் திசையும் நிழலின் அடர்த்தியும் கையில் இருக்கும்.

பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவரில் பெயர் எழுதியதுபோல் காட்டுவதென்றால், போகன்வில்லாக் கிளையின் நிழல் எழுத்தின் மேலேயும் விழ வேண்டும். எழுத்து லேயரை, கீழுள்ள சுவரின் நிழலும் தெரியும்படி கலக்கும் மல்டிப்ளை முறையில் வையுங்கள். சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் எழுத்தும் பெயரட்டும். நிறம் முடிவானதும் ஃப்ரேமைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் பெயர் படிக்க முடிந்தால்தான் அந்த நிறம் சரி.

ரெண்டருக்கு முன்

1920×1080-ல் வேலை பார்த்துவிட்டு ஸ்கோப்புக்கு (அகலத்திரை வடிவத்துக்கு) மாற்றினால் மேலும் கீழும் தலா 138 பிக்சல் போய்விடும். மேல்விலங்கின் வளைவோ ‘கூ’வின் வாலோ அதில் வெட்டுப்படும். தொடக்கத்திலேயே 1920×804 கட்டத்தை மேலே போட்டுக்கொண்டு, ஓரங்களில் 5 சதவீதம் இடம் விட்டு வேலை செய்யுங்கள். விடியல் வானத்தில் க்ளோ பட்டைபட்டையாகத் தெரிந்தால் ப்ராஜெக்ட் 8 பிட்டில் இருக்கிறது என்று அர்த்தம். 16-க்கு மாற்றி, லேசாக க்ரெயின் சேருங்கள். டைட்டிலைத் தனியாக எடிட்டருக்குக் கொடுக்கும்போது எச்.264 வேண்டாம், அதில் ஆல்ஃபா (பின்னணி ஊடுருவித் தெரிவதற்கான தகவல்) கிடையாது. ப்ரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி ஃப்ரேம் வரிசை கொடுங்கள். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு வந்தால் ஆல்ஃபாவைப் படிக்கும் முறையை ஸ்ட்ரெய்ட், ப்ரீமல்டிப்ளைட் என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் ஒரு ஃப்ரேமுக்கு முழு எண்ணில் நகர வேண்டும். 3 பிக்சல் என்றால் 1080 உயரத்தைக் கடக்க 360 ஃப்ரேம், அதாவது 15 விநாடி. 4 என்றால் 11.25 விநாடி. எடிட்டர் ‘கொஞ்சம் சுருக்குங்கள்’ என்று கேட்டதற்காக 3.4 ஆக்கினால் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் மினுமினுக்கும். வேகத்தில் கை வைக்காமல் வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குறையுங்கள்.