பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெயின்ற் கடைசியில்தான்

போன மாதம் செங்கலடியிலிருந்து ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்து மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார். 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். வெள்ளைப் பெயின்ற் புத்தம் புதிதாக மின்னியது. "அண்ணே, வேலையெல்லாம் முடிஞ்சுது. மழை பெஞ்சா கால்மாட்டில தண்ணி நிக்குது, அதை மட்டும் ஒருக்காப் பாருங்க" என்றார். நான் கதவைத் திறந்து, கீழே பின்சில்லுக்குச் சற்று முன்னால் தகட்டை விரலால் அமத்தினேன். பெயின்ற் விரலோடு உள்ளே போனது.

பத்து வருடங்களுக்கு முன்னர் நான் செய்த அதே தவறு, அதே காரில், அதே இடத்தில். இப்படி வருகிறவர்களில் இவர் மூன்றாமவர். அதனால்தான் எழுதுகிறேன். விலை பேசுங்கள், ஓட்டிப் பாருங்கள், பகலில் போய்ப் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்ற காரின் ஜப்பானியப் பெயர்தான் யூனோஸ் ரோட்ஸ்டர். முதல் வகை 1997 வரை வந்தது. இரண்டு இருக்கை, மடிக்கும் துணிக்கூரை, எழும்பி மூடும் ஹெட்லைற், முன்னால் 1600 சிசி எஞ்சின், பின்சில்லுக்கு இழுவை. 1993க்குப் பிறகு 1800 சிசியும் வந்தது. எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. ஸ்ரேறிங்கைப் பிடித்து நாவலடிப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் ஏன் இதற்கு இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று விளங்கும். இலங்கையில் இவை குறைவு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் மரத்தடியில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த கார்களுக்கெல்லாம் விலை வந்தது. அப்படி வாங்கப்பட்டவைதான் இப்போது ஒவ்வொன்றாக என்னிடம் வருகின்றன.

புத்தகம் பார்க்காமல் காசு கொடுப்பது

எஞ்சின் அறையில் அடித்திருக்கும் செசி இலக்கம், 1600 என்றால் என்ஏ6சிஈ என்று தொடங்கும். 1800 என்றால் என்ஏ8சி. அது பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் இலக்கமும் அப்படித்தான். எஞ்சினை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் திருத்தாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். "ஓப்பன் பேப்பர்ல தாறன், பிறகு மாத்தலாம்" என்று, பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் தருவதாகச் சொன்னால் எழும்பி வாருங்கள். ரெவனியூ லைசன்ஸ் எத்தனை வருடமாக எடுக்கவில்லை என்று கேளுங்கள். நிலுவை உங்கள் தலையில்தான் விழும்.

வாங்கிய அன்றே ஸ்ராட் பண்ணிப் பார்ப்பது

ஐந்தாறு வருடம் நின்ற எஞ்சினில் சாவியைத் திருப்பாதீர்கள். ராங்கில் உள்ள பெற்றோல் கெட்டுப் பிசினாகியிருக்கும். அதை முழுதாக இறக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒருநாள் விடுங்கள். பிறகு முன் புல்லியில் சொக்கற்றைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றுகிறது என்றால் ரைமிங் பெல்ற்றை மாற்றிவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

1989 முதல் 1991 நடுப்பகுதி வரை வந்த 1600 எஞ்சின்களில் கிராங்கின், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டின், முன்மூக்கு நீளம் குறைந்தது. முன் போல்ற்றைச் சரியாக இறுக்காமல் விட்டால் புல்லியைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சாவிக்கட்டை ஆடி ஆடிக் கிராங்கையே தின்றுவிடும். முன் புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் அந்த வகை. எட்டு இருந்தால் பிந்திய, நீளமூக்கு வகை. பார்ப்பதற்கு ஒரு ரோச் போதும். நான்கு வெட்டு என்றால் பெல்ற் மாற்றும்போது பழைய போல்ற்றைத் திருப்பிப் போட விடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் இறுக்கச் சொல்லுங்கள்.

ரயர்

பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. அவ்வளவு பழையது என்றால் ரயரின் பூ எவ்வளவு இருந்தாலும் எறியுங்கள்.

முதலில் பெயின்ற் அடிப்பது

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

2014இல் கல்முனைப் பக்கம் ஒரு வளவில், வேப்பமரத்தடியில் நின்ற சிவப்பு யூனோஸை வாங்கினேன். கூரைத் துணியின் மேல் வேப்பஞ்சருகு ஒரு சாண் கிடந்தது. எஞ்சின் ஓடியது. கதவுகள் நன்றாகப் பூட்டின. நிறம் மட்டும் வெளிறியிருந்தது. எல்லாருக்கும் வருகிற ஆசைதான் எனக்கும் வந்தது: முதலில் ஆளை அழகாக்குவோம். ஒரு கராஜில் விட்டேன். ஒரு மாதம். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது.

அடுத்த மாரி முடிய, பின்சில்லுக்கு முன்னால் கடுகளவில் இரண்டு கொப்புளம். சித்திரையில் அவை ஐந்து சத நாணயமளவு. ஒன்றைக் குத்தினேன். கறள் நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இந்தக் காரில் துணிக்கூரையின் மேல் விழும் மழை, பின்பக்கம் ஒரு தவாளிப்பில் சேர்ந்து, கதவுக்குப் பின்னால் இடமும் வலமும் உள்ள இரண்டு துளைகளால் இறங்கி, குழாய் வழியாகப் பின்சில்லுக்கு முன்னால் காருக்கு அடியில் வெளியே வரும். சருகும் மணலும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் வெளியே போகாது. பாதி இருக்கைக்குக் கீழே வரும். பாதி கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற தகட்டுப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியைக் கதவடி என்று சொல்லிக்கொள்வோம். பின்முனையில் கதவடி மூன்று அடுக்குத் தகடு. கறள் நடு அடுக்கில் தொடங்கும். வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. இங்கே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக்காற்று படாத வீடு கல்லடியில் இல்லை. வேறு ஊரில் பத்து வருடம் எடுப்பது இங்கே நாலைந்து வருடத்தில் முடிந்துவிடும்.

பெயின்ற் அடித்தவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். கண்டுவிட்டு, ஓட்டைக்குள் துணியைத் திணித்து, மேலே புட்டி இழுத்து, தேய்த்து, அடித்துவிட்டார்கள். கதவடியின் அடிப்பக்கம் தண்ணீர் ஒழுக வைத்திருக்கும் சிறு துளைகளையும் தார் பூசி அடைத்துவிட்டார்கள். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர ஒரு வழியும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்.

இதோடு முடியவில்லை. இரண்டாவது இடத்தில், கதவடியை வெட்டிப் புதுத் தகடு போடக் கொடுத்தேன். முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினார்கள். கூரையுள்ள காருக்குக் கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும். இதற்குக் கூரை வெறும் துணி. கதவடி இரண்டும்தான் முதுகெலும்பு. வெட்டியதும் கார் நடுவால் தொய்ந்தது. கதவின் பின் மேல்மூலை மட்காட்டில் ஏறி, அந்தப் புதுப் பெயின்ற்றை உரசிக்கொண்டு நின்றது. கதவு திறக்கவில்லை.

கடைசியில் வாழைச்சேனைப் பக்கம் தகட்டு வேலை செய்யும் ஒரு வயதான ரிங்கர் பாஸிடம் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வெட்டின வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே கையை விட்டு ஒரு பிடி ஈரச் சருகை எடுத்து என் கையில் வைத்தார். "மனே, உள்ளுக்க குளத்தை வெச்சுக்கிட்டு வெளியால பெயின்ற் அடிச்சிருக்காய்" என்றார்.

அவர் செய்த முறையைத்தான் இன்றுவரை நான் பின்பற்றுகிறேன். நடுவில் ஜக் வைத்து, கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவுக்கு வரும்வரை மெதுமெதுவாகத் தூக்கினார். கதவைக் கழற்றி, பிணைச்சல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையில் இரும்புப் பெட்டிக்கம்பியைக் குறுக்கே வெல்ட் பண்ணினார். இரண்டு பக்கமும் அப்படி. அதற்குப் பிறகுதான் ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினார். அது முழுக்க முடிந்து இறுகிய பிறகே மற்றப் பக்கம். ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக, சுத்தமான தகடு வரும்வரை வெட்டி, சீஓ2 வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக ஒட்டினார். சாதாரண குச்சி வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகட்டை நெளித்துவிடும். அடித்துளைகளைத் திரும்பத் திறந்து வைத்தார். மூன்று மாதம் ஆனது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதன் பிறகு இரண்டாவது முறை பெயின்ற், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பெயின்ற் காய்ந்த பிறகு கதவடிக்குள் மெழுகு எண்ணெய் அடித்தோம். முதல் பெயின்ற் காசு முழுவதும் குப்பையில் போட்டதுதான். காசை விட, வீணாய்ப்போன இரண்டு வருடத்தைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

ஆகவே வாங்கப் போகும்போது ஒரு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். கூரையைப் பாதி எழுப்பி, கதவுக்குப் பின்னால் மூலையில் உள்ள துளையில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சில்லுக்கு முன்னால் தரையில் உடனே வழிய வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். வழியவில்லை என்றால் கதவடி போய்விட்டது என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியில் வைத்து இழுத்துக்கொண்டு போங்கள். பிடிப்பு விடும் இடத்தில் புட்டி இருக்கிறது. காருக்கு அடியில் புதுசாகத் தார் பூசியிருந்தால் அதை நல்லதென்று எடுக்காதீர்கள். ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

அடைப்பு எடுக்க கொம்ப்ரஷர் காற்று வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும். கம்பியும் வேண்டாம், குழாயைக் குத்தும். மீன்பிடிக் கடைகளில் விற்கும் தடித்த தங்கூசி, அதாவது நைலோன் நூல், ஒரு முழம் போதும். முனையைச் சூடுகாட்டி உருட்டிவிட்டு, மெல்லச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் கழற்றுவது

கழற்றும் ஆர்வம் பூட்டும்போது இருக்காது. ஒரு பகுதி முடித்து மற்றது. போல்ற்றுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

ஒயில் ஒழுகுகிறது என்றதும் கியர்பொக்ஸை இறக்குவது

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் ஒயில் சொட்டினால், பின் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்பார்கள். அதற்கு முன்னர் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் உள்ள கேம் சென்சரைத் தடவிப் பாருங்கள். அதன் ரப்பர் வளையம் வயதானதும் இறுகி ஒழுகும். அந்த ஒயில் எஞ்சினின் முதுகால் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். வளையத்தின் விலை ஒரு பிளேன்ரீக் காசுக்குக் கொஞ்சம் கூட. நான் பார்த்த ஒழுக்குகளில் பெரும்பாலானவை இதுதான்.

சாதாரண பற்றரி போடுவது

இந்தக் காரில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. கம்பனி போட்டது மூடிய வகை, ஆவி வெளியே போகச் சிறு குழாயும் உண்டு. இங்கே கிடைக்கும் அசிட் பற்றரியை அப்படியே வைத்தால் அசிட் ஆவி டிக்கித் தரையைத் தின்னும். மூடிய பற்றரிக்குக் கொழும்பில் சொல்லி எடுங்கள். விலை கூடத்தான். தகட்டை விட மலிவு.

கூரை

பின் பிளாஸ்ரிக் யன்னலின் சிப்பைத் திறக்காமல் மடிக்காதீர்கள்.

ரேடியேற்றர்

மேலே உள்ள பிளாஸ்ரிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமாகி இருந்தால் அது உடையக் காத்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி வெயிலில் நடுவழியில்தான் உடையும். எஞ்சின் கொதித்தால் ஹெட் வளையும். முதலில் மாற்ற வேண்டிய சாமான்களில் ஒன்று.

செங்கலடித் தம்பி அன்றைக்கு வெகுநேரம் பேசவில்லை. நான் போத்தலை எடுத்து வலது பக்கத் துளையில் ஊற்றினேன். தண்ணீர் தரையில் விழவில்லை. தங்கூசியை இறக்கி முக்கால் மணித்தியாலம் நின்றோம். முதலில் கறுத்த சேறு வந்தது, பிறகு முருங்கை இலைக் காம்புகள், அப்புறம் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்து அவருடைய செருப்பை நனைத்தது. கார் இப்போது என் கொட்டிலில் நிற்கிறது. கதவிரண்டும் கழற்றி, பெட்டிக்கம்பி குறுக்கே போட்டாயிற்று. வலது பக்கம் நடு அடுக்கு வரை வெட்டியிருக்கிறோம். அவர் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். இடது பக்கம் தைப்பொங்கலுக்குப் பிறகு.