ஏரி நடுவில் முப்பது டெங்கு நோயாளிகள்: நோய் வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1854 செப்டம்பரில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் ஓர் அம்மாள் காலராவில் இறந்தார். அக்கம்பக்கத்தில் அப்போது காலராவே இல்லை. மருத்துவர் ஜான் ஸ்நோ விசாரித்தபோதுதான் மகன் சொன்னார்: அம்மாவுக்கு சோஹோவிலுள்ள பிராட் தெருப் பம்புத் தண்ணீர்தான் பிடிக்கும், வண்டியில் பெரிய பாட்டிலில் போகும். அந்தப் பம்புத் தண்ணீரில்தான் காலரா பரவிக்கொண்டிருந்தது.

நோயாளிகள் இருக்கும் இடங்களைப் படத்தில் குறித்து நோய் வரைபடம் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். வீட்டு முகவரியில் புள்ளி வைத்துவிட்டு, நோய் அங்கேயே தொற்றியது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிராட் தெருவுக்குப் பக்கத்திலேயே 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் காலராவில் இறந்தது 5 பேர்தான். அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது. இதெல்லாம் ஆட்களிடம் போய்க் கேட்டதால் தெரிந்தவை. இறப்புகளைக் குறித்து ஸ்நோ போட்ட படத்தைப் பார்த்துத்தான், யாரும் தண்ணீர் அடிக்காதபடி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்ற கதையையும் நம்ப வேண்டாம். கைப்பிடி போனது செப்டம்பர் 8இல். படம் அதற்குப் பிறகு வந்தது.

டெங்குவிலும் இதே சிக்கல். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். அந்தப் பகல்களில் ஆள் பள்ளியிலோ பட்டறையிலோ இருந்திருப்பார். படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லையென்றால் கொசு மருந்தை வேறெந்தத் தெருவிலோ அடித்துக்கொண்டிருப்போம்.

முகவரியிலும் கூத்து உண்டு. தெருப்பெயர் பிடிபடாவிட்டால் மென்பொருள் பின்கோடு பகுதியின் நடுவில் புள்ளியைக் குத்திவிடலாம். நடுவில் ஏரி இருந்தால் முப்பது பேரும் ஏரிக்குள் கிடப்பார்கள். புள்ளிகள் அச்சாக ஒரே இடத்தில் குவிந்தால், பரவல் என்று அலறும் முன் மூலப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

வெறும் எண்ணிக்கைக்கு நிறம் பூசுவது இன்னொன்று. 40 லட்சம் பேருள்ள மாவட்டத்தில் 200 நோயாளிகள், 3 லட்சம் பேருள்ள வட்டத்தில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் லட்சத்துக்கு 5, இரண்டாவதில் 20. எண்ணிக்கைப் படத்தில் பெரிய மாவட்டம்தான் சிவக்கும். அதற்காக விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் முடியாது: 500 பேர் ஊரில் ஒருவருக்கு வந்தாலே லட்சத்துக்கு 200 ஆகிவிடும். சின்ன ஊர்களைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வீட்டு வாசல்வரை காட்டும் படத்தைப் பொதுவில் விடாதீர்கள். வார்டு அளவு போதும்.

கடைசியாக, வெள்ளை நிறம். நோயே இல்லாத வட்டமும், பரிசோதனைக் கூடமே இல்லாத வட்டமும் பல படங்களில் ஒரே வெள்ளையாக இருக்கின்றன. தகவல் வராத இடத்துக்குச் சாம்பல் பூசுங்கள்.