சர்க்கரைக்குப் பொடி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

சர்க்கரை இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களை எங்கள் நாட்டு மருந்துக் கடையில் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கையில் லேப் ரிப்போர்ட், இன்னொரு கையில் யாரோ போனில் அனுப்பிய மூலிகைப் பட்டியல். பாயசம் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிறவை வேறு.

மாத்திரையை நிறுத்துவது

இதைக் கேட்டால் இன்னமும் எனக்குக் கோபம் வரும். ஆவாரம்பூப் பொடியும் நாவல்கொட்டைப் பொடியும் வாங்கிப்போன ஒரு பெரியவர் அடுத்த மாதம் சிரித்துக்கொண்டே வந்தார். வெறும் வயிற்றில் 112. "தம்பி, மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். கொழுப்பு மாத்திரையையும் சேர்த்துத்தான்! அந்த 112 வந்தபோது அவர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேர் மட்டும் பொடிக்குப் போய்விட்டது. அதுவும் வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்றைய கணக்கு. இரண்டு மூன்று மாத நிலவரம் வேண்டுமென்றால் ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். கொழுப்போ, ஏறினாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது. அப்புறம் அவர் வந்தது ஆறாத கால் புண்ணோடு. டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகைச் சர்க்கரை உள்ளவர்கள், இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மருந்தைக் குறைக்கத் தோன்றினால் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள், அவர் குறைக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது

சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை, அதன்மேல் பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி, போதாததற்குச் சாப்பாட்டிலும் பாதி. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். அப்போது உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும்.

நாக்கை நம்புவது

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சீனி தின்றால் மணலைத் தின்பது போல இருக்கும். நோயே போய்விட்டதாகக் குதிப்பவர்கள் உண்டு. நாக்கில்தான் இனிப்பு மறைகிறது, அதுவும் கொஞ்ச நேரம். ரத்தத்தில் அந்தச் சீனி ஏறத்தான் செய்யும்.

தேனில் குழைத்துச் சாப்பிடுவது

தேனும் சர்க்கரைதான்.

என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத பொடி

வாங்காதீர்கள். சிலவற்றில் இங்கிலீஷ் மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.

வெந்தயத் தண்ணீர்

ஊறவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டிவிடுகிறார்கள். சரி, நார்ச்சத்து எங்கே போயிற்று? குப்பைக்கு. சாப்பிட்டதும் சர்க்கரை குபீரென்று ஏறாமல் தடுப்பதும், கொழுப்பை ஓரளவு குறைப்பதும் அந்த நார்தான். வெந்தயத்தையும் மென்று சாப்பிடுங்கள். மாத்திரை விழுங்கும் நேரத்தோடு மட்டும் சேர்க்காமல் ஓரிரு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள்.