தெறிக்குப் பதிலாக வெல்குரோ: சேட்டில் வைத்துத் தைக்கும் முறை

வெல்குரோ வைத்துத் தரச்சொல்லிக் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு உடுப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதைப் பூட்டித் திறக்கப்போவது யாருடைய கை என்றுதான். பாரிசவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிற ஐயாவா? விரல் மூட்டு வீங்கித் தெறி பூட்ட முடியாத அம்மம்மாவா? பள்ளிக்கூட வான் வாசலில் நிற்கும்போது டை கட்டத் தெரியாமல் அழுகிற பிள்ளையா? ஆளைப் பொறுத்துப் பட்டியின் அகலமும் வைக்கிற இடமும் மாறும். தைப்பது சின்ன வேலை. எங்கே வைப்பது என்பதற்குத்தான் யோசனை வேண்டும்.

வெல்குரோ என்பது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இரண்டு பட்டிகள். சொரசொரப்பான பட்டியில் இருப்பது குட்டிக் கொக்கிகள், மெத்தென்ற பட்டியில் இருப்பது நூல் வளையங்கள். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் 1941 இல் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்ததில் பிறந்த யோசனை இது. நம் வேலிக்கரை நாயுருவியும் சாரத்தில் அப்படித்தான் ஏறிக்கொள்கிறது. தைப்பவர் கவனிக்கவேண்டியது ஒன்று. பட்டி படுத்திருக்கும் போக்கிலேயே இழுத்தால் வெல்குரோ இலேசில் விடாது. ஓரத்தைத் தூக்கி உரித்தால் சின்னப்பிள்ளையும் திறந்துவிடும். ஆகவே உடம்பு அசையும்போது படுக்கைவாட்டில் இழுபடும்படியும், கை வைக்கும்போது உரிபடும்படியும் இடம் பாருங்கள். சேட்டின் முன்பக்கமும் இடுப்புப் பட்டியும் அப்படிப்பட்ட இடங்கள்.

புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் வெல்குரோவை வெட்டித் தருவார்கள். பின்பக்கம் பசை பூசியது வேண்டாம். அது சுவருக்கும் பெட்டிக்கும் சரி. கொழும்பு வெக்கையிலும் வியர்வையிலும் பசை இளகி ஓரம் கிளம்பும். அதன்மேலேயே தைத்தால் ஊசியில் பசை ஏறித் தையல் விட்டு விட்டு விழும். தைக்கிற வகை என்று கேட்டு வாங்குங்கள். 20 மில்லிமீற்றர் அகலம் சேட்டுக்குப் போதும். கூட அகலமாக வாங்கினால் நல்லாய்ப் பிடிக்கும் என்று நினைப்பார்கள். நல்லாய்ப் பிடிப்பது பலவீனமான கைக்குத் திறக்கக் கஷ்டம்.

முன்பக்கம் முழுவதும் ஒரே நீளப் பட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது. சேட்டு விறைத்து நிற்கும், உட்கார்ந்தால் நடுவில் புடைக்கும், கழற்றும்போது சத்தமும் அதிகம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை நேரம் பிரித்தால் நாலு வாங்கு தள்ளி இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். தெறி இருந்த ஒவ்வோர் இடத்திலும் 2 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு வைத்தால் போதும்.

புதுச் சேட்டு என்றால் முதலில் ஒரு தரம் கழுவிக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும், வெல்குரோ சுருங்காது. கழுவாமல் தைத்தால் பிறகு துண்டைச் சுற்றித் துணி சுருக்கு விழும். காய்ந்ததும் தெறி பூட்டியபடியே மேசையில் விரித்து, ஒவ்வொரு தெறிக்கும் கீழ்த்துணியில் சோக்கால் குறியுங்கள். அதன்பின் தெறிகளை வெட்டி எடுத்துப் பத்திரமாக வையுங்கள், அவை திரும்ப வேண்டும். தெறித்துளைகளைக் கையாலேயே நெருக்கித் தைத்து மூடிவிடுங்கள்.

மெத்தென்ற துண்டு மேலே வருகிற துணியின் உள்பக்கத்துக்கு. சொரசொரப்பானது கீழ்த்துணியில், வெளியே பார்த்தபடி. மாற்றி வைத்தால் சேட்டு திறந்து கிடக்கும் நேரமெல்லாம் கொக்கி நெஞ்சில் உரசும். வயதானவர்களின் தோல் மெல்லியது, வியர்வையும் சேர்ந்தால் சிவந்துவிடும். நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும், குத்தவும் செய்யும்.

குண்டூசி இதில் வளைந்துபோகும். பிள்ளைகள் கடதாசி ஒட்டுகிற பசைக்குச்சியால் நடுவில் ஒரு சொட்டுத் தடவி ஒட்டினால் நகராது, கழுவினால் போய்விடும். மெசினுக்கு 90 ஆம் இலக்க ஊசி, துணி தடித்தது என்றால் 100. நூல் பொலியெஸ்டர். தையல் நீளம் 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். கொக்கிப் பக்கம் தைக்கும்போது சாதாரணப் பாதம் கொக்கிமேல் ஏறிச் சரியும், சிப் தைக்கிற பாதத்தை மாட்டினால் ஓரத்தோடு ஒழுங்காகப் போகும். மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே சுற்றி வந்து, தொடங்கிய தையலின்மேல் கொஞ்சம் ஏற்றி முடியுங்கள். மேல்நூல் வெல்குரோவின் நிறம், பொபின் நூல் சேட்டின் நிறம். அப்போது வெளியே தெரியும் தையல் துணியோடு கலந்துவிடும்.

மெசின் இல்லையென்றால் கைத்தையலும் தாங்கும். இரட்டை நூலை மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்து, பின்தையலாகப் போடுங்கள். ஊசி தள்ளுகிற விரலுக்கு மூடி போட மறக்கவேண்டாம்.

இப்போது அந்தத் தெறிகளை எடுத்து, மூடிய துளைகளின்மேல் வெளித்துணியை மட்டும் பிடித்துத் தைத்துவிடுங்கள். பார்ப்பவருக்கு வழமையான சேட்டு. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிற பெரியவருக்கு இது சின்ன விசயமில்லை. பூட்டிப் பார்க்கும்போது அவரைக் கதிரையில் உட்கார வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால் வயிறு முன்னே வரும், அந்த இடத்துத் துண்டு விட்டுப்போனால் அதை மட்டும் குறுக்குவாட்டில் 3 சென்ரிமீற்றராக நீட்டுங்கள். ஒரு கையால் பூட்டுகிறவர் துணியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு நெஞ்சோடு அமத்தினாலே சரி.

பள்ளிக்கூட டைக்கு வேலை குறைவு. முடிச்சைக் கட்டியபடியே தைத்து நிறுத்தி, கழுத்துப் பட்டியைப் பின்னால் வெட்டி, இரண்டு முனையிலும் வெல்குரோ வையுங்கள். விளையாட்டில் யாராவது பிடித்து இழுத்தாலும் கழன்றுவிடும், கழுத்து இறுகாது. ரீ-சேட் போன்ற இழுபடும் துணிக்கு உள்பக்கம் ஒரு பருத்தித் துண்டு சேர்த்துத் தையுங்கள். பட்டு, ஜோர்ஜெட் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை. கொக்கி ஒருதரம் பட்டால் இழை எழும்பிவிடும்.

கழுவப் போடும்போது வெல்குரோவைப் பூட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் கூடக் கிடக்கிற சேலையை அது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் நைலோன் என்பதால் அயன்பெட்டியை நேரே வைத்தால் கொக்கி உருகிப் படுத்துவிடும். வெள்ளைச் சீருடைக்குக் குளோரின் போடுகிறவர்கள் இந்த உடுப்பை விலக்கிவிடுங்கள், நைலோனை அது பழுதாக்கும். பிடிப்புக் குறைந்தால் உடனே கழற்றி மாற்றவேண்டியதில்லை. கொக்கிகளுக்குள் பஞ்சும் தலைமயிரும் சிக்கியிருக்கும், பழைய பல்துலக்கி ஒன்றால் தேய்த்து, மிச்சத்தை ஊசிநுனியால் கிளறி எடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மெத்தென்ற பக்கத்தைப் பாருங்கள். வளையங்கள் அறுந்து பஞ்சாகியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.