மருத்துவர் எழுதும் மருந்துகளின் செலவைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிளினிக்கில் எழுதப்படும் மருந்துகளுக்கு ஆகும் மொத்தச் செலவை மட்டும் பார்த்து அந்த மருத்துவரை எடைபோடக் கூடாது. முதியவர்களும் நீரிழிவு நோயாளிகளும் அதிகம் வரும் இடத்தில் செலவு கூடத்தான் செய்யும். யார் வருகிறார்கள், எத்தனை பேர், என்ன நோய் என்று தெரியாதவரை அந்தத் தொகையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

மருந்துச் சீட்டுகளின் எண்ணிக்கையும் நம்மை ஏமாற்றும். ஒரு மருத்துவர் 28 நாளுக்கு ஒருமுறை மாத்திரை எழுதுகிறார். இன்னொருவர் அதையே 84 நாளுக்குச் சேர்த்து எழுதுகிறார். நோயாளி விழுங்குவது ஒரே அளவுதான். ஆனால் கணக்கில் முதலாமவர் மூன்று மடங்கு எழுதியவராகத் தெரிவார். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே உலக சுகாதார நிறுவனம் பெரும்பாலான மருந்துகளுக்கு ஒப்பீட்டுக்கான தினசரி அளவு ஒன்றை வகுத்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அது 20 மி.கி. ஆகவே 10 மி.கி. மாத்திரை 60 எழுதினால் 30 நாள் அளவு என்று கணக்கு. இது புள்ளிவிவரத்துக்கான அலகு மட்டுமே. அதைப் பார்த்து வீட்டில் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

செலவு குறைந்தால் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஆஸ்துமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறும்போது இழுக்கும் சால்புடமால் மலிவு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பொதுவாக விலை அதிகம். முன்னதை மட்டும் எழுதும் கிளினிக் சிக்கனமானதாகத் தோன்றும். ஆனால் சால்புடமாலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2019 முதல் எச்சரிக்கிறது. அங்கே மிச்சமாகும் பணம் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவில் செலவாகும்.

ஜெனரிக் மருந்து, அதாவது முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்தை அதே மூலப்பொருளில் பிறர் தயாரிப்பது, மட்டமானது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். முறையாக அங்கீகரிக்கப்பட்ட ஜெனரிக் மருந்து, மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் சேர்கிறது என்று சோதனையில் நிரூபிக்கப்பட வேண்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், உறுப்பு மாற்றுக்குப் பின் தரும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் மட்டும் ஒரே தயாரிப்பைத் தொடர்வது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணிக்கொள்வது சீட்டை நீளவைக்கும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதப்படுகிறது. அதனால் பொட்டாசியம் குறைகிறது. அதற்கும் ஒரு மருந்து. முதல் மருந்தின் அளவைக் குறைத்திருந்தாலோ மாற்றியிருந்தாலோ பின்னால் வந்த இரண்டும் தேவைப்பட்டிருக்காது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, ‘இது எதற்கு, எதுவரை?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், வலிப்பு மருந்து ஆகியவற்றைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவற்றை மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.